நாற்பத்தெட்டு போர்ட் தாலாட்டு

— இது வேணாம்ண்ணே. இதுல சத்தமே இல்லையே.

— தங்கச்சி, பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வெச்சு இருபது வருஷமாச்சு. உள்ளதைச் சொல்றேன், சத்தமில்லைன்னு நெட்வொர்க் சுவிட்சை ஒதுக்கின முதல் ஆள் நீங்கதான். வர்றவன் எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு, சத்தமில்லாதது இருக்கான்னுதான் கேப்பான்.

— அவங்க வீட்டுல கைக்குழந்தை இருக்காது. என்னங்க, வாயைத் திறந்து நீங்களே சொல்லுங்களேன்.

— அதாவதுண்ணே, டெக்னிக்கலா பார்த்தா நான் தேடுறது வேற. பன்னெண்டு நாள்ல எனக்கு நெட்வொர்க் பரீட்சை. வீட்டுல வெச்சுப் பழகிப் பார்க்க ஒரு சுவிட்ச் வேணும். புதுப் பாடத்துக்கு ஈடு கொடுக்கிற மாதிரி, ரூட்டிங்கும் தெரிஞ்ச மாதிரி...

— அதைத்தானே மாப்ளை எடுத்து வெச்சேன்! கேபிள் சொருக எட்டு போர்ட், சூடு தணிக்க உள்ள ஃபேன் கிடையாது, நீங்க கேட்டது அத்தனையும் இதுல உண்டு.

— ஃபேன் இல்லாதது ஆகவே ஆகாதுண்ணே! வீட்டுல இருந்த பழைய சுவிட்ச்ல ஃபேன் நின்னு நாலு நாளாச்சு. நாலு நாளா இந்தப் பாப்பாவுக்கு ஒரே அழுகை, தொண்டையே கட்டிப்போச்சு. அதுக்கு முன்னாடி, இவரு மடியில வெச்சுக்கிட்டு அந்த சுவிட்ச் இருக்கிற ரூம்ல உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல கப்சிப்.

— சுவிட்ச் சத்தத்துக்கா குழந்தை தூங்குது?

— இவருதான் கண்டுபிடிச்சாரு. 'சத்தம் ஒரே சீரா இருக்கு, அதான் தூங்குறா. நீ கதவைச் சாத்திட்டுப் போ'ன்னாரு.

— அது... சும்மா ஒரு யூகம்தாண்ணே.

— யூகமாம்! இவரு கண்ணையும் பாருங்க, நாலு நாளா செவந்து கிடக்கு. படிக்க முடியலையேங்கிற கவலை. ரெண்டு தடவை எழுதியாச்சு, இது மூணாவது. இதுலயும் கோட்டை விட்டாருன்னா, ஆபீஸ்ல மறுபடி மொட்டை மாடி மொட்டை மாடியா ஏறி கேபிள் இழுக்க அனுப்பிடுவாங்க. அங்கேருந்து விழுந்துதான் இடுப்பு போச்சு. அப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— அடடா. சரி, இந்த இருபத்துநாலு போர்ட்டைப் போட்டுக் காட்டுறேன். கேக்குதா?

— என்னண்ணே இது, கொசு மாதிரி. பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கல.

— இது?

— தேவலாம். ஆனா விட்டு விட்டு இழுக்குதே, ஆஸ்துமா வந்த மாதிரி.

— தங்கச்சி, நீங்க சுவிட்ச் வாங்க வந்தீங்களா, கச்சேரிக்கு ஆள் எடுக்க வந்தீங்களா?

— அண்ணே, அந்த மூலையில, மேல பிஸ்கட் டப்பா வெச்சிருக்கீங்களே, அது என்ன மாடல்?

— அதுவா மாப்ளை? நாப்பத்தெட்டு போர்ட். ஏதோ பெரிய ஆபீஸ்ல இருந்து கழிச்சுக் கட்டினது. அதை ஓட்டினா பக்கத்துக் கடை தையல்காரரு கத்திரிக்கோலோட சண்டைக்கு வருவாரு. உள்ளதைச் சொல்றேன், பரீட்சைக்கு உதவாது. புதுப் பாடத்துல பாதி அதுக்கே தெரியாது.

— இருக்கட்டும்ண்ணே, போடுங்க. டெக்னிக்கலா பார்த்தா அடிப்படை எல்லாத்துக்கும் ஒண்ணுதானே.

— அப்ப காதைப் பொத்திக்கங்க.

— ஐயோ!

— சொன்னேன்ல தங்கச்சி!

— இதேதாண்ணே! எங்க வீட்டுச் சத்தம்! பாப்பா அழுகையை நிறுத்திட்டா பாருங்க!

— கத்திப் பேசுங்க, ஒண்ணும் காதுல விழல!

— நிறுத்திட்டாங்கிறேன்!

— நான் பின்பக்கம் போய் லேப்டாப்பை மாட்டி, இதுல என்ன சாஃப்ட்வேர் வெர்ஷன் இருக்குன்னு பார்க்கிறேன். அந்த மூட்டைமேல உக்காரலாமாண்ணே?

— உக்காருங்க மாப்ளை. கேபிள் மூட்டைதான், மெத்துமெத்துன்னு இருக்கும்.

— ரெண்டு நிமிஷம். யாரும் தொந்தரவு பண்ணாதீங்க.

— பார்த்தீங்களாண்ணே? வீட்டுலயும் இதே கதைதான். ரூமுக்குள்ள போயிட்டா ஈ, காக்கா அண்டக் கூடாது. ரெண்டு வருஷமா என் வீட்டுக்குள்ளயே நான் நுனிக்கால்லதான் நடக்கிறேன். குக்கர் விசில் அடிக்கிறதுக்குள்ள ஓடிப்போய் அடுப்பை அணைச்சிடுவேன். எங்க அப்பா வந்து தங்கினப்பகூட, 'மெதுவா இருமுங்கப்பா, உங்க மாப்பிள்ளை படிக்கிறாரு'ன்னேன்.

— இவ்வளவு படிச்சும் ஏன் தங்கச்சி பாஸாகல?

— அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் புரியல. அக்கறைக்கு ஒரு குறைச்சலும் இல்ல. கரண்ட் போய் சுவிட்ச் ஃபேன் சத்தம் நின்னா போதும், அடுத்த நொடியே உள்ளேருந்து கத்துவாரு: 'யாரு நிறுத்தினது? படிச்சுக்கிட்டிருக்கேன்ல!' அவ்வளவு ஈடுபாடு.

— அப்படியா! மாப்ளை, வெர்ஷன் வந்துச்சா?

— ம்... வருது...

— என்னங்க, பாஸ்வேர்டு ஏதாவது கேக்குதா?

— ம்ம்.

— சரி, பாப்பா தூங்கிட்டாளா தங்கச்சி?

— இதோ, இப்பத் தூங்கிடுவா... எங்க? கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டிருக்கா. அந்தப் பச்சை லைட்டையே பார்த்துச் சிரிக்கிறா. கையை நீட்டுறா பாருங்க.

— அப்ப அவளுக்கு வேண்டியது லைட்டுதான் போல. அந்தச் சின்ன சுவிட்ச்லயும் எட்டு லைட் மின்னும். இருங்க, கேபிளைச் சொருகிக் காட்டுறேன்... இந்தா செல்லம், பாரு!

— அட, இதுக்கும் சிரிக்கிறாளே! அப்ப வீட்டுலயும் இவ லைட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாளா? நான் ஒரு நாள்கூடக் கதவைத் திறந்து பார்த்ததில்லண்ணே. பின்ன அந்த ரூம்ல தூங்கினது...

— தங்கச்சி, கொஞ்சம் இப்படி வந்து எட்டிப் பாருங்க.

— கண்ணை மூடிக்கிட்டு யோசிக்கிறாரு. அவரு அப்படித்தான்.

— வாயும் திறந்திருக்கே.

— ஆழ்ந்து யோசிப்பாரு.

— உள்ளதைச் சொல்றேன் தங்கச்சி, லேப்டாப்பைப் பையை விட்டே எடுக்கல.

— எங்க அப்பா துண்டை வாயில அடைச்சுக்கிட்டு இருமினாருண்ணே. 'படிக்கிற பிள்ளைக்கு நான் எதுக்கு இடைஞ்சல்'னு மூணாம் நாளே கிளம்பிப் போயிட்டாரு. நினைச்சா வயிறு எரியுது.

— விடுங்க தங்கச்சி. இன்னும் பன்னெண்டு நாள் முழுசா இருக்கு.

— இருக்கு. அந்தச் சத்தமில்லாத சுவிட்சையே கட்டிக் கொடுங்க. கூடத்துல, என் கண்ணு முன்னாடி வெச்சுப் படிக்கட்டும். இப்ப இந்தப் பூதத்தோட பிளக்கைப் பிடுங்குங்க.

— எழுப்பணும்னா தோளைத் தட்டினா போதுமே.

— வேணாம். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். பிடுங்குங்கண்ணே.

— சரி... பிடுங்கிட்டேன்.

— யாரு நிறுத்தினது? படிச்சுக்கிட்டிருக்கேன்ல!