முதுகு காட்டி உட்கார்ந்தவள்

இரவு பதினொன்றே கால். இருபுறமும் கிடங்குகள், நடமாட்டமே இல்லாத தெரு... அதன் கோடியில் ஒரு சின்னத் தியேட்டர். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை தோறும் அங்கே போவார். எப்போதும் ஒரே படம். கதையென்று எதுவும் கிடையாது. வீட்டுக்குள் மணல் நிரம்பிக் கிடக்கும். மாடிப்படியில் ஒரு குதிரை நிற்கும். ஜன்னலோரம் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். கடைசிவரை திரும்ப மாட்டாள். ஆனாலும் வாராவாரம் அதே முப்பது பேர் வந்துவிடுவார்கள்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"முழிச்சதும் மறந்துபோற கனவை யாரோ கையில எடுத்துக் குடுத்த மாதிரி இருக்கு... என்னைக்காவது அவ திரும்புவா, பாரு."

'அவ' என்று அவர் சொன்ன குரல்... அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருஷத்தில் தன்னை ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அக்காவும் கூடப் போனாள். உள்ளே ஈரச் சாக்கு வாடை. தலைக்குப் பின்னால் புரொஜெக்டரின் டகடக... பாதிப் படத்தில் அந்தச் சத்தம் சட்டென்று அடங்கியது. ஜன்னலோரப் பெண் திரும்பினாள். நேராக அக்காவைப் பார்த்து, மெதுவாக ஏதோ கேட்டாள்.

பக்கத்தில் அவர் மட்டும் இன்னும் முதுகையே பார்ப்பவர் போல ஏங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க ஆளு திரும்பி என்கிட்ட பேசினா."

அவர் முகம் கறுத்தது. "நாற்பது வாட்டி பார்த்தவன் நான். உன்கிட்டயா பேசினா? என்ன சொன்னா?"

அக்கா வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் பொருளைத் திருடியவளைப் பார்ப்பது போல அக்காவைப் பார்த்தார். கடைசியில் அவள் வெடித்தாள்.

"'அவரை எப்போ அனுப்பப் போற?'ன்னு கேட்டா. போதுமா?"

அவர் சிரித்தார்... கல்யாணமான நாளிலிருந்து அக்கா பார்த்தேயிராத சிரிப்பு.

சனிக்கிழமை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். விடிந்தும் வரவில்லை. அக்கா தியேட்டருக்கு ஓடினாள். அவர் உள்ளே போனதைத்தான் பார்த்தேன், வெளியே வரவேயில்லை என்று வாசல்காரர் சத்தியம் செய்தார்.

ஆபரேட்டரைக் கெஞ்சி, அன்றிரவு படத்தை ஓடவிட்டு, தன்னந்தனியாகப் பார்த்தாள். மணலில் அவர் இல்லை. படியில் இல்லை. ஜன்னலோரம் வெறும் நாற்காலி. அவளும் இல்லை.

வீட்டுக்கு வந்து தாழிட்டுப் படுத்தாள். மூன்று மணி இருக்கும்... வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். ஒன்று... இரண்டு. அவர்தான்! அக்கா ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

மூன்று...

நான்கு.