எதற்கும் அசையாதவள்

எலிகளைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் தப்பு, ஐயா. அவை ரொம்பச் சுத்தமானவை. பதினோரு வருஷமாக அவற்றோடுதான் இருக்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சி ஒரே நேரத்தில் மூன்று நாடுகளில் நடந்தது. எலிகளுக்குச் சின்னச் சின்னத் தொல்லைகள் கொடுப்போம். கூண்டில் படுக்கையாகப் பரப்பிய மரத்தூளை நனைப்போம், கூண்டைச் சாய்த்து வைப்போம். எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியக்கூடாது. நான்கு வாரம் கழித்து நிறுத்திவிட்டு, எத்தனை தேறுகின்றன என்று பார்ப்போம். மனிதர்கள் அடுத்த கட்டம். மற்ற இரண்டு நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் பத்துக்கு ஏழு எலி தேறியது. என்னிடம் ஒன்றுகூடத் தேறவில்லை.

இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தீவனத்தை மாற்றினேன், கூண்டுகளை மாற்றினேன். கடைசியில் காணொளிக் கூட்டத்தில் மொத்த ஆராய்ச்சிக்கும் தலைவியான பெண்மணி, எலிகளைக் கையாளும் ஆளை மாற்றிப் பார்க்கலாமே என்றார். அந்த ஆள் நான்தான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அன்று வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என்னிடம் கோளாறு இல்லை என்று காட்ட, லேசில் அசையாத ஓர் உயிர் வேண்டியிருந்தது. அக்கா இருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் எது என்றே தெரியாதவர்கள் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தும் ஒருநாள் குரல் உயர்த்தியதில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். ஒரே வீடு என்பதால் வசதியாக இருந்தது.

சாவியை இடம் மாற்றினேன். மெத்தை ஓரத்தை நனைத்தேன். கட்டில் கால் ஒன்றின் கீழ் கட்டை வைத்து, இரண்டு நாளில் எடுத்துவிட்டேன்.

"டேய், எனக்குப் புத்தி கித்தி பேதலிச்சிடுச்சாடா? சாவிய இங்கதான வச்சேன்" என்றாள்.

"வயசாகுதுல்லக்கா" என்றேன். சிரித்தாள்.

நொந்துபோன எலிக்குச் சர்க்கரைத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் ஒன்றுதான். நான்காவது வாரம் அவளுக்குச் சர்க்கரை போடாத டீ கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். பிரேக்கை மிதிக்க மறந்துவிடுவேனோ என்று பயந்து வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

முறைப்படி நிறுத்தினேன், ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் எதையும் தொடவில்லை, கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அவள் தேறவில்லை.

பிறகு ஆண்டுக் கூட்டத்துக்காகப் பத்து நாள் வெளிநாடு போனேன். சித்தி வந்து துணைக்கு இருந்தார். திரும்பி வந்தபோது அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதடா. நீ இல்லாத பத்து நாளும் நல்லாத் தூங்கினேன்" என்றாள்.

சித்தியை அன்றே ஊருக்கு அனுப்பினேன். மறுநாள் மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை இடைவெளி விடாமல். பதினேழாம் நாள் அவள் மொட்டை மாடியிலிருந்து எப்படி இறங்கினாள் என்பது உங்களுக்கே தெரியும்.

அவளை அப்படியே விட்டிருந்தால், அந்தத் தலைவி சொன்னது சரி என்று ஆகியிருக்கும். என்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை, ஐயா.