முருகவேலின் கை

ஹாம் என்பது சாப்பிடுகிற பண்டம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த உங்கள் ஏட்டு வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். "ஏனுங்க, நீங்க சுத்த சைவம்னு சொல்றாங்க. அப்புறம் ஹாமுன்னும் சொல்றாங்க. எப்படீங்க?" என்றார். வெள்ளைக்காரர்கள் பன்றித் தொடைக்கு வைத்த பெயர் அது, மறுக்கவில்லை. ஆனால் அரசாங்க உரிமம் வாங்கி, வீட்டில் சொந்த ரேடியோ நிலையம் வைத்து, முகம் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருக்கிற எங்களுக்கும் அதே பெயர்தான். எதனால் என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன், நீங்களும் சரி என்றீர்கள், மேடம். நன்றி. பெயர் அர்த்தநாரி, வயது அறுபத்து மூன்று. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான்கு நிட்டிங் மெஷின் வைத்து ஓட்டுகிறேன். ஊசி உடைந்தால் துணியைப் பார்க்க மாட்டேன், சத்தத்திலேயே எந்த மெஷின் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதை வைத்துத்தான் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மோர்ஸ் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினேன். நீளச் சத்தம், குட்டைச் சத்தம், நடுவில் இடைவெளி, அவ்வளவுதான் மோர்ஸ். இடைவெளி கெட்டால் எல்லாம் கெட்டது.

எங்களுக்குள் சில வழக்கங்கள் உண்டு. இருபது வயதுப் பையனாக இருந்தாலும் ஆண் என்றால் ஓல்டு மேன். எண்பது வயது அம்மாளாக இருந்தாலும் பெண் என்றால் யங் லேடி. என் மனைவி கமலாம்பாளுக்கு இதில் இரண்டாவது மட்டும் பிடிக்கும். எங்களில் ஒருவர் இறந்துபோனால் இறந்தார் என்று சொல்ல மாட்டோம், சைலன்ட் கீ என்போம். கீ என்பது மோர்ஸ் தட்டுகிற கருவி. அது ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவர் சைலன்ட் கீ என்று அறிவித்துவிட்டால், உரிமத்தோடு அரசாங்கம் அவருக்குக் கொடுத்த அடையாள எழுத்துகளை, அதாவது அழைப்புக்குறியை, வேறு யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவன் திருட்டு நிலையம் நடத்துகிறவன், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மீதி எல்லாம் புரியும்.

இப்போது முருகவேல். வேலம்பாளையத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட் வைத்திருந்தார். முப்பத்தெட்டு வயது, நல்ல பிள்ளை, சிரித்த முகம். நான் மோர்ஸுக்கு உயிரை விட்ட காலம் போய், மோர்ஸ் தெரியாமலே உரிமம் வாங்கலாம் என்று ஆன பிறகு வந்தவர். ரேடியோவை லேப்டாப்போடு இணைத்து ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுவிடுவார். பதினைந்து வினாடிக்கு ஒரு தடவை இவருடைய கம்ப்யூட்டர் பிரேசிலில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு வணக்கம் சொல்லும். அது திரும்ப வணக்கம் சொல்லும். இரண்டும் கைகுலுக்கிப் பிரியும்போது முருகவேல் அடுக்களையில் தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருப்பார். இதற்கும் எங்கள் அகராதியில் தொடர்பு என்றுதான் பெயர்.

நான் முப்பத்தைந்து வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு நாடுகளோடு பேசியிருக்கிறேன். முருகவேல் ஒரே வருடத்தில் நூற்று நாற்பது. எனக்குப் பொறாமை என்று நினைக்கிறீர்கள். பொறாமை இருந்தது. வயிறு எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இது அதனால் நடந்ததல்ல.

எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கு அந்த வருடத்தின் சிறந்த ஹாம் என்று பொன்னாடை போர்த்தினார்கள். நான் எழுந்து ஒரு சின்னத் திருத்தம் கேட்டேன். சாஃப்ட்வேர்க்காரர்களும் நல்லவர்களே, அவர்களை டிஜிட்டல் நண்பர்கள் என்று அழைக்கலாம், ஹாம் என்ற சொல்லை மட்டும் கையால் தட்டத் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள் என்றேன். ஓட்டுக்கு விட்டார்கள். என் பக்கம் இரண்டு கைகள் உயர்ந்திருந்தன. "அந்த ரெண்டு கையுமே அண்ணனோடதுங்க" என்றார் முருகவேல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் எங்கள் கூட்டம் ஒன்று கூடும், நெட் என்போம். மதுரை, ஹூப்ளி, கொழும்பு என்று பல ஊர்க்காரர்கள் வருவார்கள். திருப்பூர்ச் சங்கத்தார் அந்த நேரத்தில் குறட்டை விடுவார்கள். உள்ளூரிலிருந்து வருவது நானும் ராபினும் மட்டுமே. ராபின் தூத்துக்குடிப் பிள்ளை, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். புதிதாக உரிமம் வாங்கியவர், முருகவேலை நேரில் பார்த்ததில்லை. நெட்டை நடத்துகிற பொறுப்பு இருபது வருடமாக என்னுடையது. யார் எப்போது பேச வேண்டும், யார் பேசக் கூடாது என்று நான்தான் சொல்வேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் நெட் தொடங்கியதும், வேலம்பாளையம் முருகவேல் சைலன்ட் கீ என்று அறிவித்தேன். அது பொய் இல்லை, யோசித்துப் பாருங்கள். அவருடைய கீ ஓய்ந்துதான் இருந்தது, ஒரு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. ஒரு கிண்டல். ஹூப்ளிக்காரர் இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிக்கலாம் என்றார். எல்லோரும் அனுசரித்தார்கள். அந்த இரண்டு நிமிடமும் எனக்கு மிக நிம்மதியாக இருந்தது. மறுநாள் திருத்தம் சொல்லலாம் என்று இருந்தேன், மறுநாள் வேறு அறிவிப்புகள் நிறைய வந்துவிட்டன.

கொழும்புக்காரர் ஒருவர் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது முருகவேலே. பிற்பாடு நெட்டில் அதைச் சொல்ல வந்தவரை, எடுத்தது வேறு யாராவது இருக்கும் என்று நான் அடக்கிவிட்டேன். போன் வந்த அன்று மாலையே முருகவேல் என் யூனிட் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, என்னய எடுத்து அடக்கம் பண்ணிட்டீங்களாமா? பதினாறாம் நாள் காரியம் எப்பன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

கோபமே இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கமலாம்பாள் கொடுத்த காப்பியை ரசித்துக் குடித்தார். நான் சொன்னேன், "கையால தட்டுங்க முருகவேல். நெட்டுல எனக்கு ஒரு அழைப்பு, கையால, சுத்தமா. அன்னைக்கே நீங்க உசுரோட இருக்கீங்கன்னு நானே அறிவிக்கறனுங்க. ஹாமுன்னும் சொல்றேன்."

"சத்தியமாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லாமல் தட்டிப் பழகியிருக்கிறார். குக்கர் விசில்கூட மோர்ஸில் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று அவர் மனைவி கிருத்திகா பிற்பாடு சொன்னாள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை எனக்குப் போன் செய்தார். வேலம்பாளையத்தில் மெஷின் இரைச்சலும் கரன்ட் கம்பி இரைச்சலும் அதிகம், அதனால் நாளைக் காலை காங்கேயம் தாண்டி இருக்கிற ஒரு கரட்டுக்கு, அதாவது பாறைக் குன்றுக்குப் போகிறேன் என்றார். எந்தக் கரடு, எந்தப் பக்கம் ஏறுவார் என்பதையும் சொன்னார். பின்பக்கப் பாறையில் போன் சிக்னல் கிடைக்காது, அதனால் ரேடியோவுக்கு இரைச்சலும் இருக்காது என்று விளக்கினார். லேப்டாப் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். மோர்ஸ் மட்டுமே போகிற, வருகிற சின்ன ரேடியோ, நெட்டில் நாங்கள் வாயால் பேசுவது அதில் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிகள் ஓடாததால் ரேடியோ கண்ணாடி மாதிரி இருக்கும். ஏழு பத்துக்கு அவர் வந்தார். என் அழைப்புக்குறி, பிறகு அவருடைய அழைப்புக்குறி. ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு தனிச் சாயல் உண்டு, அதைக் கை என்போம். புதுக்கை என்பது முதல் எழுத்திலேயே தெரிந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சுத்தமாக என்பதுதான் பேச்சு. இன்னும் கொஞ்சம் முயலட்டும் என்று காத்திருந்தேன்.

ராபின் குறுக்கே வந்தார். "அண்ணாச்சி, செத்துப் போனவரு அழைப்புக்குறியில எவனோ தட்டுதான். நல்லாக் கேக்கு. என்ன செய்ய?"

திருட்டு நிலையம், யாரும் பதில் தர வேண்டாம் என்றேன். வழக்கம் அதுதான், நீங்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பார். பிறகு ஓய்ந்தது. சத்தம் எட்டவில்லை என்று எண்ணி, ஏரியல் கம்பியை இன்னும் உயரத்தில் கட்டப் பாறைமேல் ஏறியிருக்க வேண்டும். இது என் ஊகம்.

எட்டு ஐந்துக்கு மறுபடி வந்தார். இப்போது மிக மெதுவாக. ஆங்கில எழுத்தில் தமிழ். அண்ணா விழுந்துட்டேன். கால் முறிஞ்சுது. ரத்தம் நிக்கல. போன் உடைஞ்சுது. இதையே திரும்பத் திரும்ப அனுப்பினார். நான் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன், எனக்கு அது பழக்கம். ராபின் பதறிப்போய், "அண்ணாச்சி, கேலி மாதிரி தெரியலயே. ஒருக்கா கேட்டுப் பார்ப்பமா?" என்றார். அனுபவம் இல்லாதவர்களை இப்படித்தான் ஏமாற்றுவார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்க வேண்டாம் என்று நெட்டையே வேறு அலைவரிசைக்கு மாற்றினேன். என்னிடம் இரண்டு ரேடியோ உண்டு. ஒன்றை முருகவேல் தட்டுகிற அலைவரிசையிலேயே விட்டுவைத்தேன்.

108க்கு ஏன் போன் செய்யவில்லை என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். செய்தால் யார் சொன்னது என்று கேட்பார்கள். முருகவேல் மோர்ஸில் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டும். அப்படியானால் அவர் உயிரோடு இருந்திருக்கிறார், மூன்று மாதமாக நான் பல ஊர்க்காரர்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன், ராபினிடம் அன்று காலையில் இரண்டு தடவை. அதோடு அவர் கையால் தட்டிவிட்டார் என்றும் ஆகிவிடும். ஒரே போனில் இத்தனையும் சேர்ந்து வரும் என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கை போன் பக்கம் போனது, பொய் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் கிருத்திகா ஸ்கூட்டரில் வந்தாள்.

"அண்ணா, அவரு ரேடியோவுல வந்தாருங்களா? போன் போகவே மாட்டேங்குது. உங்களுக்குத்தான் மொதல்ல கூப்புடுவேன்னு சொல்லீட்டுப் போனாருங்க."

"இல்லீங்க அம்மிணி, வரலீங்களே" என்றேன். எந்தக் கரடு என்று உங்களுக்குத் தெரியுங்களா என்று கேட்டாள். காங்கேயம் பக்கம் ஏகப்பட்ட கரடு இருக்கிறது என்றேன். அது உண்மைதான். அவள் நிற்காமல் கிளம்பிப் போனாள்.

ஆடு மேய்க்கிற சின்னாத்தாள் மாலை நான்கு மணிக்கு அவரைப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதாவது கிருத்திகா என் வாசலில் நின்றபோது அவர் இருந்தார். கரடு என் வீட்டிலிருந்து முப்பத்தெட்டுக் கிலோமீட்டர்.

ராபின்தான் உங்களிடம் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நெட்டை மாற்றிய பிறகும் அவர் பழைய அலைவரிசையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். நல்ல பழக்கம். அவர் நோட்டில் ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே, வேறொரு கை தட்டியதாகக் குறித்த இன்னொரு வரி. அந்த இரண்டாவது கை யாருடையது என்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு அவர் உதவி கேட்கவில்லை. அண்ணா கேக்குதுங்களா என்று மட்டும் அனுப்பினார். வலியில் நிதானமாகத் தட்டியதால் இருக்கலாம், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நடுவில் இருக்க வேண்டிய அளவுக்கு இடைவெளியோடு வந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அவ்வளவு அழகாக நான் கேட்டதில்லை. என் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கீயை எடுத்து முழுச் சக்தியில் பதில் அனுப்பினேன்: மிகத் தெளிவாகக் கேட்கிறது, ஆரம்பத்திலிருந்தே கேட்கிறது, நல்ல முன்னேற்றம், தொடர்ந்து பயிற்சி செய்யவும்.

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. நான் ரேடியோவை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மேடம், நான் கெட்டவனாக இருந்தால் அந்தப் பாராட்டையாவது அவருக்குச் சொல்லியிருப்பேனா?