கிழக்கு ஜன்னல் ஓரத்து ஜீவிதா எந்த மாநிலத்தில் இருந்தாள்?

நடுநாயகமாக வீற்றிருக்க வேண்டிய இடத்தை விட்டு, காற்று வரும் என்று மேடையின் கிழக்கு ஜன்னலோர நாற்காலியைத் தேர்ந்தெடுத்திருக்கும் இக்கூட்டத்தின் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் ஜிஷா டீச்சர் அவர்களே! கருவி வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டு, எந்தக் கருவி என்பதில் எங்களை மோதவிட்டு மகிழ்ந்திருக்கும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே! புள்ளியியல் புலி, என் நண்பர் மோகனசுந்தரம் அவர்களே! வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட கையோடு ஓடிவந்திருக்கும் எலப்புள்ளிப் பெற்றோர்களே! உடும்பஞ்சோலையிலிருந்து வளைவு வளைவாக மலையிறங்கி, இன்னும் தலைசுற்றல் தீராமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்தத் தமிழ் வாத்தியார் மாஷ் எப்போது பேச்சை முடிப்பார் என்று மணி பார்க்கும் மாணவக் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் தமிழ்த்துறையின் தாழ்மையான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? வகுப்பறைக்கு ஒரு வாக்கெடுப்புக் கருவி வாங்குவதற்காக. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். மாணவர்கள் கைப்பேசியில் விடையைத் தொடுவார்கள். சுவரில் இருக்கும் திரையில், எந்த விடைக்கு எத்தனை பேர் என்று பட்டைகள் எழும்பும். தேர்தல் போலத்தான். ஒரே வேறுபாடு, இதில் முடிவு உடனே வரும். வென்றவர் மறுநாளும் வகுப்பில் இருப்பார்.

முதலில் பல கருவிகள் வந்தன. ஒன்று விடைக்கு விடை மேளம் அடித்துப் பலூன் பறக்கவிட்டது. பிள்ளைகள் கேள்வியைப் படிக்காமலே பலூனுக்காகப் பதில் சொன்னார்கள். இன்னொன்று தமிழையும் மலையாளத்தையும் கட்டம் கட்டமாகக் காட்டியது. அவற்றைக் கழித்து, மிஞ்சியவை இரண்டு. பெயர்களைச் சொல்லமாட்டேன். விற்க வந்தவர்கள் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள்; தின்ற வாயால் திட்டுவது முறையல்ல. முதல் கருவி, இரண்டாம் கருவி என்றே சொல்கிறேன்.

முதல் கருவி அறிவாளி. பதில் சொன்னவரின் பெயரைக் காட்டும், படத்தைக் காட்டும், அவர் எந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறார் என்பதையும் கண்டுபிடிக்கும். பதில் வாங்கும் சாக்கில் ஹாஜரும், அதாவது வருகைப் பதிவும், எடுத்துவிடும். நிர்வாகம் மயங்கியது. ஒரு மாதம் சோதித்துப் பார்த்தோம். சோதனை யாருக்கு வந்தது? இரண்டாம் ஆண்டு மாணவி ஜீவிதாவுக்கு வந்தது.

ஜீவிதா செய்த குற்றம் என்ன? கிழக்கு ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கேரளத்தில் இருக்கும் நம் கல்லூரியோ, தமிழ்நாட்டு எல்லையான கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜன்னல் பக்கம் போன கைப்பேசி அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு, ‘தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது’ என்று செய்தி அனுப்பும். நமக்கு இது பழகிப்போன விஷயம். கருவிக்கு அது தெரியுமா? தினமும் வகுப்பு நேரத்தில் ஜீவிதா வேறு மாநிலத்தில் இருப்பதாகக் கண்டது. ஆப்சென்ட் என்று எழுதியது. வீட்டுக்கும் செய்தி அனுப்பியது.

அவள் தந்தை ரத்தினசாமி இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வகுப்பு நேரத்தில் மகள் மாநிலம் தாண்டிவிட்டாள் என்று செய்தி வந்தால் ஒரு தகப்பன் என்ன நினைப்பான்? நீங்கள் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். போட்ட சட்டைக்குப் பொத்தான்கூடப் போடாமல் கல்லூரிக்கு ஓடி வந்தார்.

“ஏனுங்க டீச்சர், எம்பட பொண்ணு எங்கீங்க?”

வகுப்பில் போய்ப் பார்த்தால், அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறாள்.

“அம்மிணி, நீ இங்கயா இருக்கறே?”

“வேற எங்கீங்கப்பா இருப்பேன்? மொதல்ல பொத்தானப் போடுங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

நம் முதல்வர் பெண்ணைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் பெண்ணைப் பார்த்தார். “பக்ஷே சிஸ்டத்தில் ஆப்சென்ட் ஆணல்லோ” என்றார், ஆனால் கணினியில் ஆப்சென்ட் ஆயிற்றே என்று. டீச்சர், சிரிக்காதீர்கள், நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அதற்கு ரத்தினசாமி சொன்ன பதில்: “எங்க ஊட்டுக்கு வந்து பாருங்க டீச்சர். சமையக்கட்டுல நின்னாப் போன் கேரளாங்கும். மாட்டுக்கொட்டாய்க்குப் போனாத் தமிழ்நாடுங்கும். அதுக்காக நான் எருமைக்குத் தனியா ரேஷன் கார்டு கேட்டனுங்களா?”

கைதட்டுங்கள், தட்ட வேண்டிய பேச்சுதான். ஆனால் கைதட்டினால் ஹால் டிக்கெட் வராது. கருவி எழுதிய ஆப்சென்ட் தானாக அலுவலகக் கணினிக்குப் போய்விட்டது. ஜீவிதாவின் ஹாஜர் குறைந்தது. தேர்வு எழுத முடியாது என்று தாள் வந்தது. இன்று இந்த அவை முதல் கருவியை ஏற்றால் அதன் பதிவும் நிலைக்கும். அவள் ஓராண்டு வீட்டில் இருப்பாள். தள்ளினால் அந்தப் பதிவும் தள்ளுபடியாகும். இதுவே நிர்வாகத்தின் முடிவு. ஆகவே நாம் இங்கே ஒரு கருவியை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்காக ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவன் நான். வாக்கெடுப்புக் கருவியைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எந்தக் கருவியால் நடத்துவது? அதை முடிவு செய்ய ஒரு வாக்கெடுப்பு வேண்டும். அதை எந்தக் கருவியால் நடத்துவது? தேநீர் ஆறியது. கடைசியில் கை தூக்கினோம். முதல் கருவிக்கு எல்லோரும் தூக்கினோம். இரண்டாம் கருவிக்கும் எல்லோரும் தூக்கினோம். யார் மனத்தையும் நோகவிடாத ஊர் இது.

சரி, இரண்டாம் கருவியையும் சோதிப்போம் என்று மோகனசுந்தரத்தின் வகுப்புக்குக் கொண்டுபோனோம். இது எளிய கருவி. பெயர் கேட்காது, ஊர் கேட்காது. பழைய கைப்பேசியிலும் ஓடும், பலவீனமான இணையத்திலும் ஓடும். எல்லோரும் பதில் சொல்லி முடிக்கும்வரை முடிவை மறைத்து வைக்கும். பக்கத்து பெஞ்சைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

மோகனசுந்தரம் எப்போதும் பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார்: “புரிஞ்சுதா?” கிழக்குப் பாலக்காட்டுப் பிள்ளைகள் “புரிஞ்சுதுங்க சார்” என்பார்கள். இடுக்கிப் பிள்ளைகள் “புரிஞ்சிருச்சு சார்” என்பார்கள். மலையாளப் பிள்ளைகள் “மனசிலாயி சார்” என்பார்கள். அவரும் பல்லாண்டுகளாகப் பூரித்துப் போய் வீடு திரும்பினார்.

பெரியோர்களே, அது பதிலா? அது மரியாதை! பரிமாறுகிறவர் ‘போதுமா’ என்றால் ‘போதுங்க’ என்கிறோமே, வயிறு நிறைந்தா சொல்கிறோம்? அந்த மரியாதை.

அன்று அதே கேள்வியைக் கருவி கேட்டது. திரையில் ‘புரிந்தது’ என்ற பட்டை தரையோடு படுத்தது. ‘புரியவில்லை’ என்ற பட்டை எழுந்தது, உயர்ந்தது, திரையின் உச்சியில் போய் முட்டி நின்றது. மோகனசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பட்டை இறங்கவில்லை. “எங்கிருந்து புரியல?” என்று தட்டச்சு செய்தார். பெயரில்லாத ஒரு பதில் வந்தது: “ஓணம் லீவுக்கு முன்னாடி இருந்தே சார்.”

நண்பரே, தலையைக் குனியாதீர்கள். அடுத்து நடந்ததைச் சொல்லத்தானே வந்தேன்! இவர் கோபிக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்கவில்லை. பலகையைத் துடைத்தார். ஓணத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். பாதிப் பாடத்தில் ஒரு பெண் எழுந்தாள். உடும்பஞ்சோலை மாரீஸ்வரி. வகுப்பில் அதுவரை வாய் திறக்காதவள்.

“சார், அத எழுதுனது நாந்தேன். இந்த வரி மட்டும் இன்னொருக்கச் சொல்லுங்க சார்.”

பெயர் கேட்காத கருவிக்கு முன்னால் ஒரு பெண் தானே எழுந்து தன் பெயரைச் சொன்னாள்! மிரட்டி வாங்கிய பெயரா அது? படம் பிடித்து வாங்கிய பெயரா? இல்லை. கேட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், தொண்டையிலிருந்து தானாக வந்த பெயர்!

என்ன கேட்கிறீர்கள், நிர்வாகக் குழு ஐயா? இரண்டாம் கருவி ஹாஜர் எடுக்காதே என்கிறீர்களா? எடுக்காதுதான். பிள்ளை வந்திருக்கிறதா என்று பார்க்க ஆசிரியருக்கு இரண்டு கண் இருக்கிறது. பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கண் இல்லை. இருக்கும் கண்ணுக்குக் கருவி வாங்குவதா? இல்லாத கண்ணுக்கு வாங்குவதா?

நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?

“புரிஞ்சுதுங்க” என்று மண்டபமே அதிர்கிறது. மிக்க மகிழ்ச்சி. அதில் ஒரு குரலைக்கூட நான் நம்பவில்லை. கைப்பேசிகளை எடுங்கள். முதலில் முதல் கருவியில் நுழையுங்கள், அதற்கும் நியாயம் செய்வோம். மேடையில் இருப்பவர்களும் நுழையலாம்.

நுழைந்துவிட்டீர்களா? என்ன டீச்சர்? சத்தமாகச் சொல்லுங்கள், மலையிலிருந்து வந்த தாய்மார்களுக்கும் கேட்கட்டும்.

“எண்டெ ஹாஜரும் போயி மாஷே!” என்கிறார்.

அவையோரே, திரையைப் பாருங்கள். உங்கள் கண்முன்னே, கிழக்கு ஜன்னல் ஓரத்தில் வீற்றிருக்கும் நம் தலைவர், கருவியின் கணக்குப்படி இந்த மாநிலத்திலேயே இல்லை! தலைவர் இல்லாத கூட்டம் செல்லுமா? செல்லாது. செல்லாத கூட்டத்தில் கருவி வாங்க முடியுமா? முடியாது. அப்படியானால் முதல் கருவியை வாங்க வேண்டுமென்றாலும், தலைவர் இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லியாக வேண்டும். தலைவர் இங்கே இருக்கிறார் என்றால், ஜீவிதாவும் அங்கே இருந்தாள்!

டீச்சர் எழுந்திருக்கிறார். என்ன சொல்கிறார்? “ஆ குட்டிக்கு ஹால் டிக்கெட் இன்னு தன்னே கொடுக்கும்” என்கிறார். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே! ரத்தினசாமி அண்ணா, எழுந்து நில்லுங்கள். இன்றைக்குப் பொத்தான் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இனி இரண்டாம் கருவியில் உங்கள் பெயரில்லாத வாக்கைப் போடுங்கள். மனத்தில் இருப்பதைப் போடுங்கள், மரியாதையைப் போடாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தலைசுற்றலோடு கேட்ட தாய்மார்க்கும், இனிப்புப் பெட்டி தந்த இரு தரப்பினர்க்கும், இங்கே இருப்பவர்களுக்கும், இங்கே இருந்தும் இல்லாமல் போன எங்கள் தலைவருக்கும் என் நன்றியும் வணக்கமும் உரித்தாகுக!