வாடகைக்கு விட்ட அறையில் ரேடியோ கூடாது

அது கிடக்கட்டும் தம்பி, ரேடியோவை வாசல்லயே வச்சிட்டு இதுக்குப் பதில் சொல்லுங்க. சுத்தியும் தண்ணி, நடுவுல ஒருத்தன். அவன் முணுமுணுத்தா ஊருக்கே கேக்கும், ஊரே கத்தினாலும் அவனுக்குக் கேக்காது. யாரு?

மீன் பிடிக்கிறவனா? போங்க! பாட்டுக் கப்பல்ல உக்காந்து ரேடியோவுல பேசறவன். போன வருஷம் வரைக்கும் நம்ம ஹார்விச்சுக்கு எதிர்ல, கடல்ல, சட்டம் எட்டாத தூரத்துல நின்னுதே, அதுல பேசினது எந்தம்பி ராய். அதுக்கு ரொட்டியும் டீசலும் படகுல கொண்டுபோனது எங்க வீட்டுக்காரரு நார்மன்.

டீ குடிங்க, ஆறுது. இந்த ரூம் எங்க பொண்ணு ஹேசலோடது. ஒம்பது வயசு. சுவத்துல அந்தப் பள்ளமா? அதுக்குத்தான் வர்றேன்.

போன வருஷம் ஆகஸ்ட்டுல புதுச் சட்டம். கப்பலுக்கு ஒரு முட்டை குடுத்தாலும் குத்தம். கப்பல் மூடிடுச்சு. செப்டம்பர் கடைசியில லண்டன்ல பிபிசியே பாட்டுக்குன்னு ஒரு நிலையம் திறந்து, கப்பல்ல பேசினவங்களையே கூப்பிட்டு உக்கார வச்சுது. ராய்க்கும் வேலை. நார்மன் படகு கரையில கவுந்து கிடந்துது. பேசினவனுக்கு நாற்காலி, அவன் வயித்துக்குச் சுமந்தவனுக்குத் திருடன் பட்டமான்னு கேட்டுக் கேட்டு, பப்புல குடிச்சிட்டு யார் மூக்கையாவது உடைச்சிட்டு வருவாரு.

திறந்த அன்னிக்குக் காலையில ஹேசல் இந்தக் கட்டில்ல உக்காந்து மாமா குரலைத் தேடித் திருகினா. வந்துது. ஹார்விச் மருமகளுக்கு இந்தப் பாட்டுன்னு வேற சொன்னான். நார்மன் ரேடியோவைப் பிடுங்கிச் சுவத்துல அடிச்சாரு. நான் குறுக்க போனேன். தாடை ரெண்டாப் போச்சு. இன்னிக்கும் பிஸ்கட்டை நனைச்சுத்தான் தின்னறேன், பாருங்க.

போலீஸா? புருஷன் பொண்டாட்டி சண்டைம்மான்னுட்டுப் போயிட்டாங்க.

அடுத்த வாரம் ராய் ரெண்டு தடியன்களோட வந்தான். படகுத்துறையில நார்மனைப் பிடிச்சு, அவரு துடுப்பாலயே அடிச்சாங்க. முட்டி உடைஞ்ச சத்தம் மீன் கடை வரைக்கும் கேட்டுது. என்ன அத்தான், உங்களுக்கு ஒரு பாட்டுப் போடட்டான்னு ராய் சிரிக்கறான். ஹேசல் என் கையை உதறிட்டு ஓடி, அவரு மேல கவுந்து படுத்துக்கிட்டா. ஒரு அடி அவ முதுகுலயும் விழுந்துது.

நானா? நிறுத்துன்னு ஏன் சொல்லணும்? வாய்க்கட்டோட, பல்லிடுக்குலேயே, இன்னொண்ணு போடுடான்னேன். ஹேசல் தலையைத் தூக்கி என்னைப் பாத்தா.

ராய் ஜெயில்ல இருக்கான். வேலையும் போச்சு. நார்மன் ஊன்றுகோலோட அவங்க அக்கா வீட்ல, லோவ்ஸ்டாஃப்ட்ல இருக்காரு.

ஆமா, நீங்க இன்னிக்கே வந்துடலாம். போன மாசம் எங்க விவாகரத்துக் கேஸ்ல நீதிபதி ஹேசலைத் தனியாக் கூப்பிட்டு, யார்கூடம்மா இருக்கப்போறேன்னு கேட்டாரு. அப்பாகூடன்னு சொன்னா.