மணி ஓய்ந்த வெள்ளிக்கிழமையும் யாக்கோப்பு மூப்பரும்

தலைமை வகிக்கும் சுவாமியார் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, வட்டக்கச்சியிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் கமக்காரர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் ஞானமலர் அக்கா அவர்களே, முரசுமோட்டை மக்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எங்கள் பயிர்ச்செய்கைக் குழுவின் தலைவர், கத்தோலிக்கக் கோயில் மூப்பர் சவிரிமுத்து யாக்கோப்பு அவர்களின் முப்பத்தோராம் நாள் பூசை இன்று காலை முடிந்தது. குழுவின் செயலாளன் நடராசா என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். பின்வரிசையில் சிலர் கதைப்பது எனக்குக் கேட்கிறது. "மூப்பரும் போயிட்டார், இனித் தண்ணி முறை என்னாகப் போகுதோ?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

யாக்கோப்பு மூப்பர் யார்? முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுத்த குடும்பத்துப் பிள்ளை! காணி கிடைத்து இங்கே வந்த பிறகுதான் அவர் மண்வெட்டி பிடித்தார். முதற்போகத்தில் அவர் கட்டிய வரம்பு பாம்புபோல வளைந்து கிடந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். "கடலிலை தண்ணிக்கு ஆரும் சண்டை பிடிச்சதை நான் காணேல்லை, நடராசா. இங்கைதான் காணுறன்" என்று அடிக்கடி சொல்வார்.

அந்தச் சண்டையைத் தீர்த்தவரும் அவர்தான். அந்நாளில் எங்கள் வாய்க்காலில் கைமணிக்கூடு இரண்டு பேரிடம் இருந்தது. இரண்டும் இரண்டு நேரம் காட்டும்! யாருடைய வயலுக்குத் தண்ணீர் பாயும் முறை எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்? மூப்பர்தான் வழி சொன்னார். கோயிலில் காலை, மதியம், மாலை என்று அவர் திரிகால மணி அடிப்பார். மணி கேட்டதும் முறை முடிந்தவர் தன் வயல் மடையைக் கட்ட வேண்டும், அடுத்தவர் தன் மடையைத் திறக்க வேண்டும். சைவரும் வேதக்காரரும் இஸ்லாமியரும் ஒரே மணிக்கு மண்வெட்டி தூக்கினோம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால், அறுபத்திரண்டாம் ஆண்டு கோடைச் சிறுபோகத்தில் என்ன நடந்தது? இயேசு பாடுபட்டு மரித்த துக்கத்துக்காகப் பெரிய வியாழன் மாலையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும், உயிர்ப்புப் பூசை வரைக்கும் அது அடிக்காது என்பது வேதக்காரருக்குப் பழகிய விஷயம். மணிக்கு முறை மாற்றத் தொடங்கிய முதல் ஆண்டு அது, மற்ற எங்களுக்கு இது தெரியாது. சொல்ல வேண்டும் என்று மூப்பருக்கும் தோன்றவில்லை.

வியாழன் மாலை நண்பர் மீராசாகிபு மடையைத் திறந்தார். வெள்ளி காலை மணி இல்லை. மதியமும் மணி இல்லை. அவருடைய வயல் குளமாகிவிட்டது. அடுத்த முறைக்காரர் சிற்றம்பலம் அண்ணர் விடியற்காலை தொடக்கம் காய்ந்த வரம்பில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவருடைய விதைப்பு வெயிலில் கருகத் தொடங்கியிருந்தது.

"மணி அடிக்கேல்லை அண்ணை, என்ரை முறை முடியேல்லை."

"சூரியன் உச்சிக்கு வந்திட்டுது, கண் தெரியேல்லையோ உமக்கு?"

இரண்டு மண்வெட்டிகளும் உயர்ந்துவிட்டன. நான் கோயிலுக்கு ஓடினேன். ஒருசந்தி விரதம் இருந்து வாடிய முகத்தோடு மூப்பர் வெறுங்காலில் வந்தார். "மணியை ஒருக்கா அடிச்சு விடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"இண்டைக்கு அது ஏலாது" என்றார் மூப்பர். தானே வாய்க்காலில் இறங்கி மீராசாகிபுவின் மடையைக் கட்டினார். பிறகு நிமிர்ந்து, "சிற்றம்பலத்தார், பிழை என்ரை. மணி ஓயுமெண்டு நான் சொல்லியிருக்கவேணும். நீங்கள் இப்ப திறவுங்கோ. நாளைக்கு மத்தியானம் வாற என்ரை முறையையும் நீங்களே எடுங்கோ" என்றார்.

அந்தப் போகம் மூப்பரின் வயலில் பாதி முளைக்கவேயில்லை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு! அவர் மனைவி ஞானமலர் அக்கா சும்மா இருந்தாவா? "பூசைக்குப் போகேக்கையும் நான் அவரோடை கதைக்கேல்லை" என்று அவாவே எனக்குச் சொல்லியிருக்கிறா. அக்கா சிரிக்கிறா, பாருங்கள்! அதன்பிறகு ஆண்டுதோறும் பெரிய வெள்ளியில் மூப்பர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு வாய்க்கால் நெடுகிலும் நடந்து முறை மாற்றினார். இந்த ஆண்டு அவர் படுக்கையில். கட்டை தட்டிக்கொண்டு போனவர் யார்? நெற்றி நிறைய விபூதியோடு சிற்றம்பலம் அண்ணர்! அந்தச் சத்தம் கேட்டு, படுத்தபடியே மூப்பர் சிரித்தாராம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூப்பரின் உடல் வீட்டில் கிடந்த அன்று மதியம், தண்ணீர் முறை அவருடைய வயலுக்குத்தான் வந்தது. துக்கத்தில் நாங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். மறக்காதவர் ஒருவர். அழுதுகொண்டிருந்த ஞானமலர் அக்கா எழுந்து வந்து மீராசாகிபுவைக் கூப்பிட்டா.

"நானா, இண்டைக்கு எங்கடை முறை. எங்களாலை வயலுக்குப் போகேலாது. அடுத்தது நீங்கள்தானே? திறந்து விடுங்கோ, தண்ணி வீணாப் போகக்கூடாது."

பாதி வயல் முளைக்காமல் போனதற்காகக் கணவரோடு கதைக்காமல் இருந்த அதே அக்கா!

மீராசாகிபு மண்வெட்டியோடு போனார். அவர் திறந்தது தன் மடையையல்ல, மூப்பரின் மடையை! மூப்பரின் மகன் அல்பேர்ட் மாலை மணி அடிக்கும்வரை அந்த வயலில் நின்று, கடைசிப் பாத்தி வரைக்கும் நனைத்த பிறகுதான் சேற்றுக் காலோடு இழவு வீட்டுக்குத் திரும்பினார். "உங்கடை வயலுக்கு உங்கடை தண்ணி, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அன்பர்களே! முறை நடத்த யார் இருக்கிறார்கள் என்று இனியும் கேட்பீர்களா? அல்பேர்ட் மணி அடிப்பார். நாங்கள் மடை மாற்றுவோம். மணி ஓயும் நாட்களில் சிற்றம்பலம் அண்ணர் கட்டை தட்டுவார். நாளை மாலை மீராசாகிபுவின் முறை. அவர் காய்ச்சலில் படுத்தாலும், சந்தைக்குப் போயிருந்தாலும், தண்ணீர் அவருடைய வயலுக்குத்தான் போகும். யாக்கோப்பு மூப்பரின் பெயரால் முரசுமோட்டை தரும் வாக்கு இது.