சொட்டாத தண்ணீர்

கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் புது அறிவியல் புத்தகம்.

“நம்ம கரிசல் மண்ணு தப்பாம்க்கா,” என்றாள் தங்கை.

“யாருட்டி சொன்னா?”

“போன புத்தகம். அடியில ஓட்டை போட்ட பாட்டில்ல மண்ணைப் போட்டு, தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லிருந்தது. கொஞ்ச நேரத்துல அடியில சொட்டும்னு விடை. நம்ம மண்ணு பிடிச்ச தண்ணிய விடுமா? எம்பிள்ளை சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாத்துட்டு, சொட்டலன்னு எழுதுனா. அவ அப்பா புத்தகத்து விடையைப் பாத்துத் தப்புன்னு போட்டுட்டாவ.”

“அதான் புதுசு வாங்கிருக்கியோ?”

“இது மூணாவதுக்கா. வீட்டுல வச்சுப் படிப்பிக்கது லேசுன்னு நெனச்சேன். இதுலயாவது அவ மனசு ஒட்டுதான்னு பாக்கணும். இப்பல்லாம் புத்தகத்தைக் குடுத்தா, கடைசிப் பக்கத்துல உள்ள விடையத்தான் மொதல்ல பாக்கா. சோதனையே செய்ய மாட்டேங்கா.”

“பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தான விடையைப் பாத்து எழுதிட்டிருந்தா?”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதுக்காகத்தானக்கா அவள அங்கருந்து நிப்பாட்டுனோம்.”